வீடு திரும்பிய பின்னும் தொடரும் சிகிச்சை

மனநலப் பிரிவில் உள்நோயாளியாக இருந்தவர் தெளிவடைந்து, வீட்டிற்குச் செல்லலாம் என்று மருத்துவர் கூறும் நாளில், உடனிருக்கும் தாயோ, மனைவியோ, அண்ணனோ எங்களைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்பதுண்டு: "இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே வைத்துக்கொள்ள முடியாதா?" இதைக் கேட்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பல இரவுகள் உறங்காமல் விழித்திருந்தவர்கள். அக்கம்பக்கத்தாரின் பேச்சுக்கு அஞ்சியவர்கள். மீண்டும் அதே நிலை வந்தால் யாரை அழைப்பது என்று அறியாதவர்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அந்த அச்சத்திற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனநல மருத்துவர், செவிலியர், உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகிய நாங்கள், நோயாளியை அவர் வாழும் இடத்திலேயே வைத்துப் பராமரிக்கும் முறையை ஆதரிக்கிறோம். ஆயினும் அம்முறை குறித்து எங்களுக்குள் கவலைகளும் கருத்து வேறுபாடுகளும் உண்டு. அவற்றை மறைக்காமல் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். எங்கள் கவலைகள் எவை என்று அறிந்தால், நீங்கள் எங்களிடம் எவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதும் தெளிவாகும்.

சமூகம் சார்ந்த பராமரிப்பு என்றால் என்ன?

சர்க்கரை நோயாளி ஒருவர் மயங்கி விழுந்தால் அவரை மருத்துவமனையில் சேர்க்கிறோம். சர்க்கரையின் அளவு சீரானதும் வீட்டிற்கு அனுப்புகிறோம். அத்துடன் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எவரும் கருதுவதில்லை. மாத்திரை, உணவு, நடைப்பயிற்சி, இரத்தப் பரிசோதனை ஆகியவை வீட்டில் தொடர்கின்றன. 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன.

மனச்சிதைவு, இருமுனை மனநோய், கடும் மனச்சோர்வு போன்ற நோய்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். நோய் முற்றிய சில வாரங்களுக்கு மருத்துவமனை தேவைப்படலாம். அதன்பின் வரும் மாதங்களும் ஆண்டுகளும் வீட்டில்தான் கழிகின்றன. அக்காலத்தில் மருந்து தடையின்றிக் கிடைக்கச் செய்தல், பக்க விளைவுகளைக் கவனித்தல், வேலைக்குத் திரும்ப உதவுதல், குடும்பத்தார்க்கு நோயைப் பற்றி விளக்குதல், நோய் திரும்பும் அறிகுறி தோன்றினால் விரைந்து தலையிடுதல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே சமூகம் சார்ந்த மனநலப் பராமரிப்பு. நோயாளியைக் குடும்பத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு மருத்துவமனை ஒதுங்கிக்கொண்டால், அதற்கு இப்பெயர் பொருந்தாது.

இம்முறை உருவான வரலாறு

மனநோயாளிகளைத் தனியிடத்தில் அடைத்து வைப்பது சென்னை மாகாணத்தில் நெடுங்கால வழக்கம். 1794-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காப்பகம், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்திற்கு மாறி, இன்று மனநலக் கழகமாக விளங்குகிறது. மருந்துகள் இல்லாத அக்காலத்தில் உள்ளே சென்றவர்களுள் பலர் வெளியே வரவில்லை. 1950-களில் மனநோய்க்கான மருந்துகள் பயன்பாட்டிற்கு வந்த பிறகே, பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற முடியும் என்ற நிலை பிறந்தது.

நோயாளியிடமிருந்து குடும்பத்தைப் பிரிக்காமல் சிகிச்சையில் அதனையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் நம் நாட்டில் முன்னரே வேரூன்றியது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளியுடன் உறவினர் தங்க வழிசெய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அதே காலத்தில் இம்முறையைக் கைக்கொண்டது. உடன் தங்கிய உறவினர்கள் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பியபின் பராமரிப்பில் திறம் பெற்றனர்.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராக 1961 முதல் 1978 வரை பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். மனச்சிதைவு நோயாளிகளின் சிகிச்சை, மறுவாழ்வு, ஆய்வு ஆகியவற்றுக்கென 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைச் சென்னையில் நிறுவினார். அந்நிறுவனம் பின்னாளில் புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, அதிலிருந்தபடியே சென்னையிலுள்ள மருத்துவருடன் காணொலி வழியாக நோயாளிகள் பேசவும், மருந்து பெறவும் வழிவகுத்தது.

அரசின் தேசிய மனநலத் திட்டம் 1982-இல் தொடங்கியது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய முன்னோடி முயற்சியைப் பின்பற்றி, 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. மாவட்டத் தலைமையிடத்திலுள்ள மனநலக் குழு, குறித்த நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சென்று நோயாளிகளைப் பார்ப்பதே இத்திட்டத்தின் அடிப்படை.

இம்முறை எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாடே உணர்ந்த நாள் 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் இல்லம் ஒன்றில் அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்களும் குடும்பத்தார்தாம். மருந்து எங்கே கிடைக்கும் என்று தெரியாமல், வேறு வழியும் அறியாமல், குணமாகும் என்ற நம்பிக்கையில் விட்டுச் சென்றவர்கள் அவர்களுள் பலர். ஊருக்கு அருகிலேயே சிகிச்சையும் துணையும் இருந்திருந்தால் அவ்வளவு தொலைவு சென்றிருக்க வேண்டியதில்லை என்பதே இத்துயரத்திலிருந்து நாங்கள் கற்ற பாடம்.

பிறநாடுகள் கற்பிப்பவை

இத்தாலியில் 1978-இல் இயற்றப்பட்ட சட்டம், மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூட வழிவகுத்தது. திரியெஸ்தே நகரில் மருத்துவர் பிராங்கோ பசாலியா, மருத்துவமனையை மூடுவதோடு நில்லாமல், அதற்கு ஈடாக நகரெங்கும் மனநல மையங்களை அமைத்தார். அதனால் நோயாளிகள் நகர மக்களோடு மக்களாக வாழ முடிந்தது.

அமெரிக்காவின் அனுபவம் வேறு. 1955-இல் அங்கு அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களை வெளியே கொணர்ந்து சமூக மையங்களில் பராமரிக்க 1963-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் படுக்கைகள் குறைக்கப்பட்ட வேகத்தில் மையங்கள் அமைக்கப்படவில்லை. போதிய நிதியும் ஒதுக்கப்படவில்லை. நோயாளிகளுள் பலர் தெருவிலும் சிறையிலும் சென்று சேர்ந்தனர்.

ஆகவே, வெளியே உரிய ஏற்பாடு செய்யாமல் நோயாளியை அனுப்புவது சீர்திருத்தம் ஆகாது. சமூகப் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் மனத்தில் முதலில் எழும் எச்சரிக்கை இதுவே.

இம்முறை பயன் தருகிறதா?

இதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கோவா, மகாராட்டிரத்தின் சதாரா, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் பகுதி ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடந்த ஆய்வு, 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு மருத்துவமனை வழியான வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு அதனுடன், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று துணைநின்றனர். இப்பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். நோயை விளக்குவது, மருந்தை நினைவூட்டுவது, அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குவது, அரசு உதவிகளைப் பெற்றுத் தருவது ஆகியவையே அவர்கள் பணி.

ஓராண்டு முடிவில், இத்துணை பெற்றவர்களிடம் நோய்க்குறிகளும் செயல்திறன் இழப்பும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. வேறுபாடு பெரிதன்று, ஆயினும் உண்மையானது. கிராமப்புறமான காஞ்சிபுரம் பகுதியில் அது கூடுதலாகத் தெரிந்தது. மருத்துவ வசதி குறைந்த இடத்தில் சிறு துணையும் பெரும்பயன் தரும் என்பதை இது காட்டுகிறது. அதே வேளை, மனநல மருத்துவரின் சிகிச்சைக்கு மாற்றாக இதனைக் கொள்ளுதல் கூடாது. ஆய்வில் இரு பிரிவினரும் மருத்துவரின் சிகிச்சையில் இருந்தவர்களே.

எங்களுக்குள் உள்ள கவலைகள்

முதற்கவலை ஆள்பற்றாக்குறை. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது. அவர்களுள் பெரும்பான்மையோர் சிகிச்சை பெறவில்லை. இவ்வளவு பேரையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் அளவிற்குப் பணியாளர்கள் எங்கும் இல்லை. எனவே யாருக்கு வீட்டு வருகை கட்டாயம் தேவை, யாருக்குத் தொலைபேசி விசாரிப்புப் போதும் என்று நாங்கள் பிரித்தாக வேண்டியுள்ளது.

இரண்டாவது கவலை, குடும்பத்தின் மேல் விழும் சுமை. 'சமூகம்' என்ற சொல்லை எளிதாகக் கூறிவிடுகிறோம். நடைமுறையில் அச்சொல் பெரும்பாலும் வயதான தாயையோ மனைவியையோ குறிக்கிறது. அவரும் நோயுற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை காணாமல் வீட்டிற்கு அனுப்புவது முறையன்று என்று எங்கள் சமூகப் பணியாளர்கள் வற்புறுத்துகின்றனர். இக்கருத்தை நாங்கள் அனைவரும் ஏற்கிறோம்.

மூன்றாவது, வீட்டு வருகை பற்றியது. இதில் எங்களுக்குள் இருவேறு கருத்துகள் உண்டு. வீட்டிற்குச் சென்றால்தான் உண்மை நிலை தெரியும் என்பது ஒரு சாரார் கருத்து. மாத்திரைகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, நோயாளி எங்கே உறங்குகிறார், அவரிடம் வீட்டார் எத்தொனியில் பேசுகின்றனர் என்பவற்றை வெளிநோயாளர் பிரிவில் அமர்ந்து அறிய இயலாது. மற்றொரு சாரார், ஒரே வட்டத்தில் பல்லாண்டுகள் அருகருகே வாழும் நெய்வேலி போன்ற நகரியத்தில், மருத்துவமனை வாகனம் ஒரு வீட்டின் முன் நின்றாலே செய்தி பரவிவிடும் என்று அஞ்சுகின்றனர். மகளின் திருமணப் பேச்சு நடக்கும் வீட்டிற்கு இது சிறிய செய்தியன்று. இரு தரப்பும் உடன்படும் முடிவு இதுவே: நோயாளியும் வீட்டாரும் விரும்பினால் மட்டுமே செல்ல வேண்டும், சீருடையும் அடையாளமும் இன்றிச் செல்ல வேண்டும், வேண்டாம் என்பவர்களுடன் தொலைபேசியில் தொடர்பு கொள்ள வேண்டும்.

நான்காவது, மருந்தை மறைத்துக் கொடுப்பது. மாத்திரை உண்ண மறுப்பவர்க்குக் காப்பியிலோ குழம்பிலோ கலந்து கொடுத்துவிடுவதாகச் சில வீட்டார் தயக்கத்துடன் கூறுவர். அவர்களது தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. எனினும் இதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உண்மை வெளிப்படும் நாளில், உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே ஐயுறும் நோயாளி, வீட்டாரை முற்றிலும் நம்பாமல் போகிறார். அளவும் தவறக்கூடும். மாத்திரை மறுப்பு தொடர்ந்தால் எங்களிடம் கூறுங்கள். காரணம் பக்க விளைவாக இருக்கலாம், மருந்தை மாற்றலாம். சில நோயாளிகளுக்கு இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்து பொருந்தும். நோயாளியின் உடன்பாட்டுடன் அதற்கு மாறலாம்.

நெய்வேலியில் கவனிக்க வேண்டியவை

பராமரிப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இரவுபகலாக இயங்கும் நம் ஊரில் சில செய்திகள் தனிக்கவனம் பெற வேண்டியவை.

முதலாவது ஷிப்டு வேலை. இருமுனை மனநோய் உள்ளவர்க்கு உறக்கம் கெடுவது நோய் திரும்புவதற்கு வழிகோலும். இரவு ஷிப்டு முடித்து வருபவர் பகலில் முழுமையாக உறங்க இயலாமல் சில நாள்கள் கழிந்தாலே, பேச்சு மிகுதல், எரிச்சல், அளவுமீறிய உற்சாகம் ஆகியவை தலைதூக்கலாம். பகல்நேரப் பணி கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்கத் தேவையான மருத்துவச் சான்றை உங்கள் மருத்துவரிடம் கோரலாம். அச்சான்றில் நோயின் பெயரை எழுத வேண்டிய தேவை உண்டா என்பதையும் கலந்து பேசலாம். கனரக எந்திரங்களையும் வாகனங்களையும் இயக்குவோர், மருந்து தூக்கக் கலக்கம் தருகிறதா என்று அறிந்து, மருத்துவர் ஒப்புதல் தந்தபின்னரே அப்பணிக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது கோடை வெப்பம். மனநோய் மருந்துகளுள் சில வியர்வையைக் குறைத்து உடல் வெப்பத்தை உயர்த்தக்கூடும். லித்தியம் உட்கொள்வோர்க்கு இன்னும் கவனம் தேவை. வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடி நஞ்சாகும். கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, பேச்சுக் குழறல், நடை தள்ளாடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அவ்வாறு கண்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். லித்தியம் உண்பவர்கள் உப்பைத் திடீரென்று குறைத்தல் கூடாது. ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் வாங்கி உண்ணுதலும் கூடாது. குளோசபின் உண்பவர்க்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் காலம் தாழ்த்தாமல் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது, இடம் மாறுதல். பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர், விருத்தாசலம், பண்ருட்டி போன்ற ஊர்களுக்கோ சொந்தக் கிராமத்திற்கோ குடிபெயரும் குடும்பங்கள் பல. இம்மாற்றத்தின்போது சிகிச்சை அறுந்துபோகும் இடர் மிகுதி. இடம் மாறுவதற்கு முன்பே எங்களிடம் தெரிவித்தால், இதுவரை அளித்த சிகிச்சையின் சுருக்கத்தை எழுதித் தருவோம். எங்கே தொடரலாம் என்றும் கூறுவோம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை நம் பகுதியினர்க்கு எட்டும் தொலைவில் உள்ளன.

நான்காவது, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களின் நிலை. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. அதனால் மருந்து தீர்ந்த பின்னும் வராமல் இருந்துவிடுகின்றனர். இத்தகையோர் வெட்கமின்றி அதனை எங்களிடம் கூற வேண்டும். வருகையின் இடைவெளியை நீட்டலாம். நோய் நிலையாக இருப்பின் கூடுதல் நாள்களுக்கு மருந்து எழுதலாம். மாவட்ட மனநலக் குழு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வரும் நாளில் அங்கேயே மருந்து பெறவும் ஏற்பாடு செய்யலாம்.

வீடு திரும்பும் நாளில் எங்களிடம் கேட்க வேண்டியவை

கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை பெறாமல் வீட்டிற்குப் புறப்பட வேண்டாம்.

1. நோயின் பெயர் என்ன? மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும் எழுத்தில் தரப்பட்டுள்ளனவா?

2. எத்தனை காலம் மருந்து உண்ண வேண்டும்? மனச்சிதைவு முதன்முறை வந்தவர்க்கும், நோய்க்குறிகள் மறைந்தபின் ஓராண்டுக்குக் குறையாமல் மருந்து தேவைப்படுவது வழக்கம். நலமாக இருக்கிறாரே என்று நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முதன்மையான காரணம்.

3. எப்பக்க விளைவுகளைக் கவனிக்க வேண்டும்? எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை எப்போது பரிசோதிக்க வேண்டும்?

4. இவருக்கு நோய் திரும்புவதன் முதல் அறிகுறி எது? இது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் குளிப்பதை நிறுத்துவார். ஒருவர் இரவில் உலாவுவார். மற்றொருவர் கதவைத் தாழிட்டுக்கொள்வார். சென்ற முறை முதலில் கண்டது எது என்று நீங்கள் எங்களிடம் கூறுங்கள். அதனைச் சேர்ந்தே எழுதி வைப்போம்.

5. அவ்வறிகுறி தோன்றினால் யாரை, எந்த நேரத்தில், எந்த எண்ணில் அழைப்பது? இரவிலும் விடுமுறை நாளிலும் எங்கே செல்வது?

6. அடுத்த வருகை என்று? அன்று வராவிட்டால் எங்களுள் யார் உங்களை அழைப்பார்?

ஆறாவது கேள்வி எங்களுக்கு மிக முக்கியமானது. பொறுப்பாளர் இன்னார் என்று பெயர் குறிக்கப்படாத பணி எவராலும் செய்யப்படாமல் போகும் என்பது எங்கள் பட்டறிவு. எனவே உங்கள் குடும்பத்திற்கெனத் தொடர்பாளர் ஒருவரின் பெயரைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை என்று கொள்ளுங்கள்.

பராமரிப்பவர்க்குச் சில சொற்கள்

ஓயாமல் குறைகூறுவதும், பகைமை காட்டுவதும், மிகையாகப் பொத்திப் பாதுகாப்பதும் மனச்சிதைவு நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது இங்கிலாந்தில் தொடங்கிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. இதனைக் கூறுவது உங்கள்மேல் பழி சுமத்துவதற்காக அன்று. நோயை உண்டாக்கியவர் நீங்கள் அல்லர். வேலையின்றிப் படுத்திருப்பது சோம்பலன்று, நோயின் கூறு என்று அறிந்தால் கடிந்து பேசும் தேவை தானே குறையும். ஒரு நாளைக்கு ஒரு சிறு வேலை, பால் வாங்கி வருவது, செடிக்கு நீர் ஊற்றுவது என்று தொடங்கி, முடித்ததைப் பாராட்டினால் போதும்.

கோயிலுக்கோ தர்காவிற்கோ தேவாலயத்திற்கோ செல்வதை நாங்கள் தடுப்பதில்லை. வழிபாட்டோடு மருந்தும் தொடர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். ஏர்வாடியிலேயே இன்று தர்கா வழிபாட்டோடு மருத்துவ ஆலோசனையும் இணைந்து கிடைக்கிறது. ஆனால் எந்த இடத்திலும், எக்காரணம் பற்றியும், சங்கிலியால் கட்டி வைக்க இசையாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதனைத் தடைசெய்கிறது.

அதே சட்டம் வேறு உரிமைகளையும் வழங்குகிறது. மனநோயாளி எவரும் சமூகத்தில் வாழும் உரிமை உடையவர். குடும்பம் இல்லை என்ற காரணத்தால் மட்டும் அவரை மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் கூடாது. நலமாக இருக்கும்போதே, மீண்டும் நோய் வந்தால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தம் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்று அவர் எழுதி வைக்கலாம். இவ்வாறு எழுதுமாறு நாங்கள் ஊக்குவிக்கிறோம். நெருக்கடியில் வீட்டாரிடையே எழும் வாக்குவாதத்தை அது பெரிதும் தவிர்க்கும். நீடித்த மனநோயால் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இயலாமை உள்ளவர்கள் மாற்றுத்திறனாளிச் சான்று பெறலாம். அதற்கான மதிப்பீட்டிற்கு எங்கள் சமூகப் பணியாளர் வழிகாட்டுவார்.

உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி நோயாளி பேசினால் அதனை மிரட்டல் என்று ஒதுக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தி, உடனே அழைத்து வாருங்கள். அவசர ஊர்திக்கு 108. இரவுபகல் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை பெற, 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416, கட்டணம் இல்லை. பராமரிப்பவர்களும் தங்கள் மனச்சோர்வுக்காக அவ்வெண்ணை அழைக்கலாம்.

மாதத்தில் சில நாள்களேனும் பராமரிப்புப் பொறுப்பை மற்றோர் உறவினரிடம் ஒப்படைத்து ஓய்வு கொள்ளுங்கள். அதற்கு ஆள் இல்லையெனில் எங்களிடம் கூறுங்கள். சில நாள்களுக்கு மீண்டும் உள்நோயாளியாகச் சேர்ப்பது தோல்வி ஆகாது. அதுவும் இம்முறையின் ஒரு பகுதியே.

"இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியாதா?" என்ற கேள்விக்கு இனி எங்கள் விடையைக் கூறலாம். மருத்துவக் காரணம் இருப்பின் வைத்துக்கொள்வோம். இல்லையெனில், அவர் உடுத்தவும் உண்ணவும் உழைக்கவும் உறவாடவும் மீண்டும் பழக வேண்டிய இடம் அவருடைய வீடே. அங்கே அவரை நீங்கள் தனியே சுமக்க வேண்டியதில்லை. புறப்படும் முன் மேற்கண்ட ஆறு கேள்விகளையும் எங்களிடம் கேளுங்கள். விடை கூற இயலாமல் நாங்கள் தடுமாறினால், அவ்விடை கிடைக்கும்வரை காத்திருங்கள். அக்குறையைச் சரிசெய்வது எங்கள் கடமை.